லண்டன் ஸ்டார்ட்அப் விசா: விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் எங்களுக்குத் தரைக்கல் பட்டறை இருக்கிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுவதை அப்பா இன்னும் கண்ணளவில்தான் செய்வார். வீட்டுத் தரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினால், அதற்கேற்ற டிசைனையும் அச்சின் அளவையும் வரைந்து தரும் மென்பொருள் ஒன்றை நானும் நண்பனும் செய்திருக்கிறோம். பிரிட்டனில் கம்பெனி தொடங்க ஆசை.

இங்கே ஒரு ஏஜென்ட் 'ஸ்டார்ட்அப் விசா' என்று சொல்லி 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, அதை 2023 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்களாம்! இப்போது இருப்பது 'இன்னோவேட்டர் ஃபவுண்டர்' விசா. பழைய 'இன்னோவேட்டர்' விசாவில் இருந்த, 50,000 பவுண்டு முதலீடு காட்டும் விதி இதில் இல்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றின் ஒப்புதல் கடிதம் வேண்டும். திட்டத்தைப் பார்க்கவே 1,000 பவுண்டு கட்டணம். இதற்குக் கேட்கும் பி2 அளவு (நடுத்தரத்துக்குச் சற்று மேலான) ஆங்கிலத்தைச் சமாளித்துவிடுவேன்.

பயமெல்லாம் திட்டத்தில் 'புதுமை' இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான். பட்டறையைப் பற்றி நிறைய எழுதினால் வெறும் கல் ஏற்றுமதி என்று தள்ளிவிடுவார்களோ? மென்பொருளை மட்டும் முன்னால் வைக்கட்டுமா? இருவரும் பங்குதாரர் என்றால் ஆளுக்கொரு கடிதம் வாங்க வேண்டுமா? இந்த விசாவில் போனவர்கள் யாராவது இருந்தால், நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

அப்பத்தாவோ, "செட்டியார்கள் பர்மாவுக்குக் கப்பல் ஏறினப்ப எவன்டா கடிதாசி கேட்டான்?" என்கிறார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.