மடிச்சா அது சைக்கிளா, மூட்டையா?

பாலக்கோட்டு பெடல்:
தினமும் காலைல பாலக்கோட்டுல ரயில் ஏறி ஹீலலிகேல இறங்கறேன். வேலை பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டில. ரயிலுக்குக் கொடுக்கற காசைவிட, ஹீலலிகேலிருந்து கம்பெனி வாசல் வரைக்கும் இருக்கற அஞ்சாறு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் கேக்கறதுதான் அதிகம். அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன், 16 இஞ்ச் சக்கரம். மடிச்சு, அரிசிச் சாக்கு ரெண்டைச் சேர்த்துத் தைச்ச உறைக்குள்ள போட்டு, கதவுக்கும் கழிவறைக்கும் நடுவுல நிறுத்திட்டு வந்தேன். நாலு நாள் யாரும் கண்டுக்கல. அஞ்சாம் நாள் ஓசூர்ல கூட்டம் ஏறினதும், பெடல் முழங்கால்ல இடிச்சிடுச்சுன்னு ஒருத்தர் சத்தம் போட்டார். "இது என்ன உங்க வீட்டுத் திண்ணையா?"ன்னு கேட்டார். பெட்டியே திரும்பிப் பார்த்துச்சு. பூக்கூடை ஏறுது, தக்காளிப் பெட்டி ஏறுது, என் சைக்கிள் மட்டும் ஏறக்கூடாதா?

ஓசூர்ல நிக்கறவ:
ஏறக்கூடாதுதான் தம்பி. பாலக்கோட்டுல ஏறறவங்களுக்கு உக்கார இடம் கிடைக்குது, ஓசூர்ல ஏறற எங்களுக்கு நிக்கவே இடமில்ல. பூக்காரம்மா கூடையை மடியில வச்சுக்கறாங்க, இல்லன்னா சீட்டுக்கு அடியில தள்ளிடறாங்க. உங்க சைக்கிளை எந்த மடியில வைக்கறது? கதவுகிட்ட வச்சீங்கன்னா இறங்கறவங்க அதைத் தாண்டித்தான் இறங்கணும். ஹீலலிகேல வண்டி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்குக் கத்தினவர் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது, ஆனா அவர் முழங்கால் பக்கம்தான் நான்.

ரிட்டயர்டு கண்டக்டர்:
தம்பி, இருபத்தெட்டு வருஷம் பை மாட்டினவன் சொல்றேன். பஸ் கூரைமேல கேரியரும் பின்னாடி ஏணியும் இருந்த காலத்துல சைக்கிள் ஒரு பிரச்சினையே இல்ல. மாங்காய் சீசன்ல கிருஷ்ணகிரி ஸ்டாண்டுல கூடைகளுக்கு நடுவுல சைக்கிளைப் படுக்க வச்சு, ரப்பர் டியூபால இறுக்கிக் கட்டி, லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்போம். ஒருதடவை காவேரிப்பட்டணம் தாண்டி புளியமரக் கிளை தட்டி ஹேண்டில்பார் வளைஞ்சுபோச்சு, அந்த ஆள் என்னை இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருப்பார். இப்போ வர்ற பஸ்ல ஏணியும் இல்ல, கேரியரும் இல்ல. டிக்கியைத் திறந்தா டிரைவரோட ஸ்டெப்னி படுத்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட ரயிலாவது இருக்கு. கிருஷ்ணகிரிக்காரனுக்கு அதுவும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல திருப்பத்தூர்லருந்து வந்துக்கிட்டிருந்த சின்ன ரயிலையும் எடுத்துட்டாங்க.

அளவுகோல்:
உணர்ச்சியை ஓரமா வச்சுட்டு ரயில்வே விதியைப் பாருங்க. ரெண்டாம் வகுப்புல ஒரு பயணிக்கு 35 கிலோ வரை இலவச லக்கேஜ். ஆனா சைக்கிள், ஸ்கூட்டர் மாதிரி சாமானுக்கு அந்தச் சலுகை கிடையாது. புக் பண்ணி, சீட்டு ஒட்டி, சாமான் ஏத்தற பிரேக் வேன்ல போடணும். பெட்டிக்குள்ள எடுத்துப் போற டிரங்குக்கும் சூட்கேசுக்கும் 100 × 60 × 25 செ.மீ.ன்னு அளவு இருக்கு. ஆக பெடல் சார் கேக்கற கேள்வியே தப்பு. மடிச்சு உறைக்குள்ள போட்டது சைக்கிளா, மூட்டையா? சைக்கிள்னா பிரேக் வேன். மூட்டைன்னா அந்த அளவுக்குள்ள அடங்கணும்.

பாலக்கோட்டு பெடல்:
தினமும் போறவன் தினமும் பார்சல் ஆபீஸ்ல நின்னு புக் பண்ணணுமா? அப்புறம் ஹீலலிகேல இறங்கி, கடைசி வேனுக்கு ஓடி, கதவைத் திறக்கச் சொல்லி வாங்கணுமா? அதுக்குள்ள வண்டி கார்மேலாரம் போய்ச் சேர்ந்துடும். எழுதினவங்க ஒருநாள் செஞ்சு காட்டட்டும். கொச்சி மெட்ரோல 2020 நவம்பர்லயே மடிக்காத முழு சைக்கிளை அப்படியே உருட்டிக்கிட்டு ஏற விட்டாங்க. முதல்ல ஆறு ஸ்டேஷன், அதுவும் காசில்லாம. அவங்களால முடியுது.

ஓசூர்ல நிக்கறவ:
கொச்சில 2020 நவம்பர்ன்னா கொரோனா சமயம். காலியா ஓடின வண்டில சைக்கிள் என்ன, மாட்டையே ஏத்தலாம். கணக்கு நானும் போடுவேன். முழு சைக்கிள் ஒண்ணேமுக்கால் மீட்டர் நீளம், ஹேண்டில்பார் அறுபது சென்டிமீட்டர். சுமாரா ஒரு சதுர மீட்டர். மெட்ரோ கூட்டத்தைக் கணக்கு போடறவங்க சதுர மீட்டருக்கு ஆறு பேர் நிக்கறதாத்தான் எடுத்துக்கறாங்க. ஒரு சைக்கிள், ஆறு பேர். பெங்களூர் மெட்ரோவோட மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் திறந்தப்போ மூணே ரயில், 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. நான் அத்திப்பள்ளிலேருந்து பஸ் மாறி அங்க போய்ப் பார்த்தேன், பிளாட்பாரத்துல கால் வைக்க முடியல. அங்க சைக்கிளோட வந்து நில்லுங்க, பார்க்கலாம்.

அளவுகோல்:
அக்கா சொல்றது முழு சைக்கிளுக்குச் சரி. மடக்கு சைக்கிளை பெங்களூரோட 'நம்ம மெட்ரோ' 2022லயே அனுமதிச்சிருக்கு. அதிகபட்சம் 15 கிலோ, அளவு 60 × 45 × 25. ஆனா இந்த அளவை எழுதினவர் மடக்கு சைக்கிளைக் கண்ணால பார்த்தாரான்னு எனக்குச் சந்தேகம். கடைல அதிகமா விக்கறது 20 இஞ்ச். டயரோட சேர்த்து அந்தச் சக்கரம் மட்டுமே ஐம்பது சென்டிமீட்டர் விட்டம். மீதி சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு சக்கரத்தை மட்டும் கொண்டுபோனாக்கூட 45க்குள்ள அடங்காது! 16 இஞ்ச் சக்கரம் நாற்பதுக்குள்ள வரும், ஆனா பிரேம் மடிஞ்ச பிறகு நீளம் அறுபதைத் தாண்டிடும். வாசல்ல நிக்கற செக்யூரிட்டி டேப்பை எடுக்காத வரைக்கும்தான் அனுமதி. இந்த விஷயத்துல ரயில்வேயோட 100 × 60 எவ்வளவோ தாராளம்.

தக்காளி மண்டி:
நடுவுல வரேன். ராயக்கோட்டைல ஏறற எங்க ஆளுங்க ரெண்டு பேர் ஹீலலிகே பக்கமே ஒரு பழைய கறுப்பு சைக்கிளை வச்சிருக்காங்க. வீட்டுலேருந்து ஸ்டேஷனுக்கு ஒரு சைக்கிள், அங்க ஒரு சைக்கிள். பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்தது வீட்டுத் திண்ணைல துருப்பிடிச்சுக் கிடக்குமே, அதை ஒருதடவை மட்டும் கொண்டுபோய் விட்டுட்டா போதும். தினமும் எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?

பாலக்கோட்டு பெடல்:
அதையும் செஞ்சு பார்த்துட்டுத்தான்ணா இங்க வந்தேன். தங்கச்சியோட ஸ்கூல் சைக்கிள். ஸ்டேஷன் வெளில கம்பத்துல சங்கிலி போட்டுப் பூட்டினேன். மூணாவது வாரம் சங்கிலி இருந்துச்சு, முன்சக்கரமும் இருந்துச்சு, மீதியைக் காணோம். தங்கச்சி ஒரு வாரம் பேசல.

ஓசூர்ல நிக்கறவ:
ஐயோ. சிரிக்கக்கூடாது, ஆனா சிரிச்சிட்டேன். சரி, அந்தப் பக்கம் நான் யோசிக்கல. சைக்கிள் விட ஒரு கூரையும் காவலும் இருந்தா நீங்க இதைத் தூக்கிட்டு வரமாட்டீங்க. எழுதிக் கொடுக்கறதுன்னா அதுக்கு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். பெட்டில ஏத்த விடுங்கன்னு எழுதினா போடமாட்டேன்.

ரிட்டயர்டு கண்டக்டர்:
கூரை வரதுக்குள்ள தம்பிக்குப் பென்ஷன் வந்துடும். நாளைக்குக் காலைல என்ன பண்றது, அதைச் சொல்லுங்க.

பாலக்கோட்டு பெடல்:
இப்போதான் டேப் வச்சு அளந்தேன். நீளம் 72, உயரம் 58, அகலம் 34. ரயில்வே கணக்குல முதல் ரெண்டும் பாஸ். அகலத்துலதான் ஒன்பது சென்டிமீட்டர் உதைக்குது. பெரும்பாலும் பெடல்தான் துருத்திக்கிட்டு நிக்குது.

அளவுகோல்:
அந்த முழங்கால்ல இடிச்சதும் அதே பெடல்தானே?

ரிட்டயர்டு கண்டக்டர்:
பெடலைக் கழட்டிப் பையில போட்டுக்கோ. பதினஞ்சாம் நம்பர் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், தெரியாம எதிர்ப்பக்கம் திருகினா இன்னும் இறுகி கிராங்கே போயிடும். மரைல கொஞ்சம் கிரீஸ் தடவிக்கோ, தினமும் கழட்டறவனுக்கு அது வேணும்.

ஓசூர்ல நிக்கறவ:
பெடல் இல்லாம, கதவை விட்டுத் தள்ளி வச்சா நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனா இன்ஜின்லேருந்து மூணாவது பெட்டில ஏறாதீங்க, அது என் பெட்டி.