பழைய டிஜிட்டல் கேமராவுக்கு 2 ஜிபி எஸ்டி கார்டு எங்கே கிடைக்கும்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் வசிக்கும் நான் ஆம்பூரில் உள்ள ஒரு தோல் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகள், நல்ல கைப்பேசி கையில் இருக்கும்போதே, அவளுடைய மாமா 2005இல் வாங்கிய டிஜிட்டல் கேமராவைப் பரணிலிருந்து எடுத்து, ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகங்கள் வெளிறிப்போய் விழுவதுதான் அழகு என்கிறாள். இந்த வெயிலில் தரையைக் கூட்டும் அகலமான ஜீன்ஸை அவள் அணிவதும், நான் வாங்கித் தந்த தோல் ஷூவை விட்டுவிட்டு மகன் துளை போட்ட ரப்பர் செருப்போடு கல்யாணத்துக்கு வருவதும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆயினும் படம் எடுப்பதில் அவளுக்கு உள்ள ஆர்வம் உண்மையானது. அதைத் தடுக்க எனக்கு மனமில்லை.

புதிய 32 ஜிபி கார்டைச் செருகினால் கேமரா ஏற்க மறுக்கிறது. 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஎச்சி வகை கார்டு 2006இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய கேமராக்களுக்கு 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டுதான் பொருந்துமாம். வேலூரிலோ காட்பாடியிலோ அது கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை அந்தக் கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள்.