உதவி: ராரிட்டன் விரிகுடாவில் ஸ்ட்ரைப்பர் கடிக்கிறது, ஆனால் ஒன்றுகூட மாட்டவில்லை

புதுத்தூண்டில்:
வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். போன வாரம் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து அட்லாண்டிக் ஹைலண்ட்ஸிலிருந்து வாடகைக்கு எடுக்கும் ஒரு சார்ட்டர் படகில் போனோம். ஸ்ட்ரைப்பர் (உடம்பில் கோடு போட்ட பாஸ் மீன்) பிடிக்கத்தான். படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, பங்கர் மீனைத் துண்டு போட்டு இரையாக மாட்டிக் கொடுத்தார்கள்.

கடிக்குக் குறையே இல்லை. கம்பு நன்றாக வளைகிறது, எடுத்து வெடுக்கென்று வெட்டி இழுத்தால் இரை மட்டும் போயிருக்கும், அல்லது வெறும் முள் வரும். காலையிலிருந்து மதியம் வரை இதே கதை. நான் ராமநாதபுரம் பக்கம். சின்ன வயதிலிருந்து கையில் தங்கூசி பிடித்துத் தூண்டில் போட்டவன். எங்களோடு வந்த ஒருவர் வாழ்க்கையில் முதல் முறையாகக் கம்பைத் தொட்டவர். அவருக்கு இரண்டு மீன்!

இன்னொன்று: அதில் ஒன்று 34 இன்ச். அதைக் கேப்டன் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். காசு கொடுத்துப் போனது நாங்கள், மீனை விட்டது அவர். இது சரியா? மே நடுவில் மறுபடி போகிறோம். என்ன மாற்ற வேண்டும்?

கொண்டல்காற்று:
முள் மழுங்கியிருக்கும். சில படகுகளில் போன வருடத்து முள்ளையே கட்டிக் கொடுப்பார்கள். அடுத்த முறை சொந்தமாக மூன்று முனை முள் வாங்கிக்கொண்டு போங்கள். பங்கர் கூட்டத்துக்குள் எறிந்து ஒன்றைக் கொளுவி, அப்படியே கீழே இறக்கினால் ஸ்ட்ரைப்பர் தப்பவே முடியாது.

சாண்டிஹுக்_சங்கரா:
மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முறை ஒரு காலத்தில் இங்கே எல்லோரும் செய்ததுதான். 2021 முதல் அட்லாண்டிக் கரை மாநிலங்களில் ஸ்ட்ரைப்பருக்கு இரை போட்டுப் பிடித்தால் சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கம் திரும்பிய வட்ட முள்) கட்டாயம். மூன்று முனை முள்ளில் பங்கரைக் கொளுவலாம், ஆனால் அதை மேலே கொண்டுவந்து சர்க்கிள் ஹூக்கில் மாற்றிய பிறகுதான் ஸ்ட்ரைப்பருக்கு இறக்கலாம்.

புதுத்தூண்டில், நான்கு கேள்வி. முள்ளின் முனை உள்பக்கமாக, தண்டை நோக்கித் திரும்பியிருந்ததா? கம்பு கையில் இருந்ததா, படகு ஓரத்துக் குழாயில் செருகியிருந்ததா? கடி எப்படி வந்தது, டொக் டொக்கென்று கொத்தலாகவா, ஒரே இழுப்பாகவா? உங்கள் நண்பர் கடி வந்ததும் என்ன செய்தார்?

புதுத்தூண்டில்:
ஆமாம் அண்ணே, முனை உள்ளே திரும்பிய வட்ட முள்தான். கம்பெல்லாம் குழாயில். கடி இரண்டு விதமாகவும் வந்தது. நண்பர் பயந்துபோய் கம்பைக் குழாயிலிருந்து எடுக்கவே இல்லை, அப்படியே நின்று ரீலைச் சுற்றினார். மேட் (கேப்டனின் உதவியாளர்) என்னைப் பார்த்து "சுற்று, சுற்று" என்று கத்திக்கொண்டிருந்தது இப்போது ஞாபகம் வருகிறது.

சாண்டிஹுக்_சங்கரா:
பதில் கிடைத்துவிட்டது. உங்கள் நண்பருக்குத் தூண்டில் தெரியாததுதான் அவருடைய பலம்.

நம் ஊரில் நாம் பழகியது ஜே வடிவ முள். அதில் கடி உணர்ந்த நொடியில் வெட்டி இழுத்தால்தான் முனை குத்தும். சர்க்கிள் ஹூக் வேலை செய்யும் விதமே வேறு. மீன் இரையை வாயில் போட்டுத் திரும்பி நீந்தும். நரம்பு (தூண்டில் நூல்) இறுகும். அப்போது முள் உள்ளேயிருந்து வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் தாடை முடியும் இடத்தில் தானாகப் புரண்டு ஏறிக்கொள்ளும். நீங்கள் வெட்டி இழுத்தால் புரள நேரமே இல்லை. முனை உள்நோக்கி இருப்பதால் எதிலும் குத்தாமல் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். பல வருடப் பழக்கம், கை கேட்காது. அதனால் கம்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. குழாயிலேயே இருக்கட்டும். நுனி கொத்தலாக ஆடும்போது சும்மா இருங்கள். கம்பு வளைந்து, வளைந்தபடியே நின்றால், ரீலைச் சீராகச் சுற்றுங்கள். பாரம் தெரிந்த பிறகு கம்பைக் கையில் எடுங்கள்.

அந்தக் கொத்தல் கடி பெரும்பாலும் ஸ்ட்ரைப்பர் இல்லை. இந்தப் பருவத்தில் அடியில் திருக்கையும் நாய்ச்சுறாவும் நிறைய. இரையைக் கொறித்துவிட்டுப் போவது அவைதான். வெறும் முள் வந்ததற்கு அதுவும் காரணம்.

முத்துநகர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரை மாட்டும் விதம். பங்கர் துண்டு பெரிதாக இருந்து, முள்ளை அதற்குள் முழுவதுமாக மறைத்துவிட்டால், முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைத்துப்போகும். பிறகு எங்கே புரளும்? தோலோரத்தில் ஒரு முறை மட்டும் குத்தி, முனை பளிச்சென்று வெளியே தெரிய வேண்டும். ஏப்ரல் தண்ணீர் குளிர்ந்தது, மீன் மந்தமாகத்தான் எடுக்கும். துண்டு சின்னதாக இருந்தால் பரவாயில்லை.

(பங்கரைப் பார்த்தால் நம் மத்தி, சாளை குடும்பம்தான். எண்ணெய் அப்படி வழியும். அந்த நாற்றம் காரில் ஏறினால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.)

மே நடுவில் போனால் பெரும்பாலும் உயிர் பங்கர் போடுவார்கள், அல்லது டிரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போவது). உயிர் இரையில் ரீலின் பூட்டைத் திறந்து, கட்டை விரலால் மெதுவாக அமுக்கி வைத்திருப்பீர்கள். பங்கர் படபடவென்று துடிக்கும், அடுத்து நரம்பு விறுவிறுவென்று ஓடும். சில நொடி ஓட விட்டு, பூட்டைப் போட்டு, சுற்ற வேண்டியதுதான். அங்கேயும் வெட்டு கிடையாது. டிரோலிங் என்றால் படகின் ஓட்டமே முள்ளை ஏற்றிவிடும், உங்களுக்கு இழுக்கிற வேலை மட்டும்தான்.

சாண்டிஹுக்_சங்கரா:
34 இன்ச் விஷயத்துக்கு வருகிறேன். கேப்டன் செய்தது சரி. அதை வைத்திருந்தால் அபராதம் வந்திருக்கும். 2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக ஒரு விதி வந்தது, பிறகு அதையே தொடர்ந்துவிட்டார்கள்: 28 இன்ச் முதல் 31 இன்ச் வரை உள்ள மீனை மட்டும், ஆளுக்கு நாளைக்கு ஒன்று. வாலை ஒடுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். 2015-இல் பிறந்த மீன்கள் ஒரு பெரிய கூட்டம், அவற்றைக் காப்பாற்றத்தான் இந்த மேல்வரம்பு. அதற்குப் பிறகு, ஸ்ட்ரைப்பர் முட்டையிடும் செசபீக் விரிகுடாவில் 2019 முதல் குஞ்சு உற்பத்தி மோசம். மே மாதம் ஹட்சன் ஆற்றில் ஏறி முட்டையிடப் போகிற பெரிய பெண் மீன்களும் இந்த விரிகுடா வழியாகத்தான் போய்வருகின்றன. போகும் முன் அந்த வருடத்து விதியை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றுவார்கள்.

சர்க்கிள் ஹூக்கைக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான். தூண்டில்காரர்கள் திருப்பி விடும் ஸ்ட்ரைப்பரில் 9 சதவீதம் செத்துவிடுகிறது என்ற கணக்கில்தான் இங்கே மீன்வள நிர்வாகம் நடக்கிறது. தொண்டையில் முள் ஏறிய மீன் பிழைப்பது கஷ்டம். வாயோரத்தில் ஏறினால் பிழைக்கும். கொக்கித் தடியால் குத்தித் தூக்குவதற்கும் தடை, வலைதான்.

மீன்குழம்புப்_பிரியை:
வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஹட்சனில் பல வருடம் ஆலைக் கழிவாகக் கலந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இன்னும் மீன்களில் இருக்கிறது. மாநிலம் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நாளுக்கு ஒரு முறை சாப்பிடலாம் என்று அறிவுரை வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இன்னும் கண்டிப்பு. பிசிபி கொழுப்பில்தான் சேரும். அதனால் தோலை உரித்து, வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் நடுவில் ஓடும் கருஞ்சதையையும் வெட்டி எறிந்துவிடுங்கள். குழம்பு வைத்தால் கொழுப்பு குழம்பிலேயே இறங்கும், ஆகவே வறுவல் அல்லது கிரில் செய்து வடிந்ததை ஊற்றிவிடுவது நல்லது. என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

புதுத்தூண்டில்:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், 68 வயது, தானும் வருவேன் என்கிறார். கூட்டிப் போகலாமா? அப்புறம் லைசென்ஸ் ஏதாவது எடுக்க வேண்டுமா?

முத்துநகர்:
லைசென்ஸ் கவலை வேண்டாம் தம்பி. நியூ ஜெர்சியில் கடல் மீன்பிடிப்புக்கு இலவசப் பதிவு ஒன்று உண்டு, படகு பதிவு செய்திருந்தால் பயணிகளுக்கு அதுவும் தேவையில்லை. ஆனால் உங்கள் மாதிரிப் படகில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது, கேப்டனின் உரிமம் அப்படி. அம்மா வந்தால் நண்பர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். யாரை இறக்குவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மாவைக் கூட்டிப் போவது காற்றைப் பொறுத்தது. கொண்டலோ வாடையோ பலமாக அடிக்கிற நாளில் வற்றம் (கடல் வடியும் நீர்) வெளியே ஓடினால், காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதி அலை குத்துக்குத்தாக எழும்பும். அது பெரிய அலை இல்லை, ஆனால் வயிற்றைப் புரட்டிவிடும். நியூயார்க் துறைமுக வாசலில் உள்ள 44065 என்ற எண்ணுள்ள வானிலை மிதவையின் காற்று, அலை, தண்ணீர் வெப்பம் எல்லாம் இணையத்தில் கிடைக்கும், முந்தின இரவு பாருங்கள். மேற்குக் காற்று மெல்ல வீசும் நாள் என்றால் தாராளமாக வரலாம். வாந்தி மாத்திரை படகு ஏறும் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு பிரயோசனமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மே மாதமானாலும் தண்ணீர் மேல் குளிரும், ஸ்வெட்டர், குல்லா இரண்டும் வேண்டும்.

சாண்டிஹுக்_சங்கரா:
ஏறியதும் மேட்டிடம் போய், "எனக்கு வெட்டி இழுக்கிற பழக்கம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், பக்கத்திலேயே நிற்பார். கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் அவருக்கு டிப்ஸ் கொடுப்பது இங்கே வழக்கம். ஆறு பேரும் முன்கூட்டியே அதற்கும் சேர்த்துப் பணம் போட்டுவிடுங்கள். பெரிய ஐஸ் பெட்டியைக் காரிலேயே விடுங்கள், படகில் இடம் இருக்காது.

சாப்பாட்டுக்கு அம்மா கட்டும் புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் அருமை. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் விழாது என்று இங்கே கேப்டன்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். சிலர் பையைத் திறந்தே பார்ப்பார்கள்.

புதுத்தூண்டில்:
அண்ணே, போன வாரம் ஒரு சீப்பே கொண்டுபோயிருந்தோம்.

கொண்டல்காற்று:
அப்படியென்றால் முள்ளைக் குறை சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.