'தி கேதரிங் வில்டர்னெஸ்': ஒலிப்பதிவில் கோளாறா, வேண்டுமென்றே செய்ததா?

கரிசல்:
அயர்லாந்தின் பிரைமோர்டியல் என்ற மெட்டல் இசைக்குழு 2005-இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்களே என்று நேற்றிரவு மறுபடியும் கேட்டேன். ஏழு பாடல்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நல்ல ஹெட்போன்தான். இரண்டு கிட்டார்களும் குழைந்து கூழாகக் கிடக்கின்றன. பாஸ் கிட்டார் இருக்கிறதா என்பதே சந்தேகம். 'தி காஃபின் ஷிப்ஸ்' போன்ற பாட்டை இப்படியா பதிவு செய்வது? இதை அலறலும் வேகமும் மிகுந்த பிளாக் மெட்டல் வகை என்று சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. பாடகர் பெரும்பாலும் வாய்விட்டுப் பாடுகிறார். அலறலே குறைவு.

ஈரவிறகு:
கூழ் என்றது சரி, கோளாறு என்றதுதான் தவறு. தயாரிப்பாளர் பில்லி ஆண்டர்சன். நியூரோசிஸ், ஸ்லீப் போன்ற கனமான ஒலியுள்ள மெட்டல் குழுக்களோடு வேலை செய்தவர். கனமும் கறையும்தான் அவருடைய கைவேலை. அவரைக் கூப்பிட்டுவிட்டுக் கண்ணாடி மாதிரி ஒலி வேண்டும் என்று யாராவது கேட்பார்களா?

'தி காஃபின் ஷிப்ஸ்' எதைப் பற்றியது என்பதையும் பாருங்கள். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போனார்கள். கனடாவிலிருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்கள் திரும்பும்போது வெறுமனே போகவேண்டாமே என்று மனிதர்களை அடித்தளத்தில் அடைத்துக்கொண்டு போயின. 1847-இல் மட்டும் கனடாவின் குரோஸ் தீவில் 5,000-க்கும் மேற்பட்டோரைப் புதைத்தார்கள். டைபஸ் காய்ச்சல். அந்தக் கப்பல்களுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. இதற்குப் பளபளப்பான ஒலி பொருந்துமா?

கரிசல்:
பஞ்சத்தைப் பற்றிய பாட்டென்றால் ஒலியும் பட்டினி கிடக்க வேண்டுமா, நண்பரே? கருப்பொருளைக் காட்டிக் கைவேலையின் குறையை மறைக்கிறீர்கள். இதே குழு 2007-இல் 'டு தி நேம்லெஸ் டெட்' வெளியிட்டது. அதிலும் துயரம் குறையவில்லை, ஒவ்வொரு கருவியும் காதில் விழுகிறது.

வடகாற்று:
நான் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் முரிஸ்க் என்ற ஊருக்குப் போயிருக்கிறேன். குரோ பேட்ரிக் மலையடிவாரத்தில் 1997-இல் வைத்த பஞ்ச நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. வெண்கலக் கப்பல். சாலையிலிருந்து பார்த்தபோது மூன்று பாய்மரங்களும் கயிறுகளும் கொண்ட சாதாரணக் கப்பலாகத்தான் தெரிந்தது. கிட்டே போனேன். கயிறுகள் இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன. இந்த ஆல்பமும் அப்படித்தான், கிட்டே போக வேண்டும்.

கரிசல்:
கிட்டே போனால் ஒவ்வொரு எலும்பும் தெரிந்ததல்லவா? எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

தாளப்பித்தன்:
சபாஷ். ஆனால் ஒலியை விட்டு நடையைக் கேளுங்கள். பிளாக் மெட்டல் என்றாலே இயந்திரத் துப்பாக்கி மாதிரி டிரம்ஸ் ஓட வேண்டும் என்று 1990-களின் நார்வே குழுக்கள் நமக்குப் பழக்கிவிட்டன. பிரைமோர்டியலுக்கு உயிர்நாடி திஸ்ர நடை. ஆறு ஆறாகப் புரண்டு வரும் அலை. அயர்லாந்தின் நாட்டுப்புற ஆட்டங்களில் வரும் அதே ஆறு எண்ணிக்கைதான், இங்கே துள்ளல் போய்ப் பாரம் ஏறியிருக்கிறது. புல்லாங்குழலையும் பிடிலையும் ஒட்டவைத்து நாட்டுப்புறம் என்று விற்பவர்களை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

இது பிளாக் மெட்டலா என்ற பெயர்ச் சண்டைக்கு ஒரே கேள்வி. பிளாக் மெட்டலுக்கு அடித்தளம் போட்டவர்களில் பாத்தரி குழுவும் ஒன்று. அதன் தலைவர் குவோர்தன் 1990-இல் 'ஹாமர்ஹார்ட்' ஆல்பத்தில் வேகத்தைக் குறைத்து வாய்விட்டுப் பாடினார். அவரையும் வீட்டைவிட்டுத் துரத்துவீர்களா?

கரிசல்:
துரத்தமாட்டேன். அந்த ஆல்பத்தை யாரும் பிளாக் மெட்டல் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஈரவிறகு:
சற்றே விலகி ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணத்தை இழுத்துப் பிடித்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். 1859-இல் அதே மனிதர் சென்னை மாகாண ஆளுநராக வந்து இறங்கினார். சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவை அமைத்தவர் என்று இங்கே நல்ல பெயர். அயர்லாந்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கரிசல்:
இது எனக்குத் தெரியாது. சரி, ஐந்தாவது பாட்டான 'தி காஃபின் ஷிப்ஸ்'-ஐ இப்போது ஹெட்போன் இல்லாமல் பெரிய ஸ்பீக்கரில், அறைக்கு வெளியே நின்று கேட்டேன். கூழுக்கு மேலே பாடகர் ஆலன் அவெரிலின் குரல் மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். பாஸ் இன்னும் கேட்கவில்லை.