ராமேஸ்வரம் முதல் குமரி வரை கரையோரமாகவே காரில்: மூன்று ராத்திரி போதுமா?

கோவை நித்யா:

வணக்கம். தை கடைசியில் நானும் வீட்டுக்காரரும் ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து கன்னியாகுமரி வரை கடலை விடாமல் காரில் போகலாம் என்றிருக்கிறோம். அவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி 12 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்கிறார். பழைய வேகன் ஆர், இரண்டு பேருமே ஓட்டுவோம்.

கேட்டவர்கள் எல்லோரும் "ராமேஸ்வரம், திருச்செந்தூர், குமரி, மூன்று கோயிலையும் கும்பிட்டு வாங்க, நடுவில் ஒன்றும் கிடையாது" என்கிறார்கள். அவருக்குக் கூட்டம் ஆகாது. கடல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார். நடுவில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா?

உடன்குடிக்காரி:

நித்யா, அந்த நடுவுக்காகத்தான் நீங்கள் போக வேண்டும். நான் பிறந்தது உடன்குடி, வாழ்க்கைப்பட்டது சென்னை. போன வருஷம் மாசி முதல் வாரத்தில் இதே வழியில் நானும் அவரும் வந்தோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். பெயர் கிழக்குக் கடற்கரைச் சாலை, ஆனால் பெரும்பாலும் கடல் கண்ணிலேயே படாது. கருவேலமும் பனையும்தான் கூட வரும். நேராக ஓட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் ஒன்றும் இல்லை என்று சொல்வார்கள். கடல் உங்களுக்கு இடது கைப்பக்கம். வாலிநோக்கம், மூக்கையூர், வேம்பார் என்று பலகை வரும்போது இடது பக்கம் திரும்பி ஊருக்குள் போங்கள். ஊர் முடிகிற இடத்தில் கரை.

முதல் ராத்திரி ராமேஸ்வரம். தனுஷ்கோடிக்கு மறுநாள் விடிகாலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலமானால் போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நின்று பார்க்க முடியாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். ரயில் நிலையத்தின் சுவரும் மாதா கோயிலின் சுவரும் இன்னும் நிற்கின்றன. ரோடு அரிச்சல்முனை வரைக்கும் இருக்கிறது. அலையடிக்கிற ஒரு பக்கம் ஆண் கடல், அமைதியான மறு பக்கம் பெண் கடல் என்பார்கள். தை, மாசியில் வழியில் தேங்கிய தண்ணீரில் பூநாரைகள் நிற்கும், வண்டியை மெதுவாக விடுங்கள்.

அப்புறம் கீழக்கரை. அங்கே தொதல் வாங்குங்கள். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது, எண்ணெய் மின்னும். வழி முழுக்க அதுதான் எங்களுக்குச் சாப்பாடு.

வாலிநோக்கம் பக்கம் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். தண்ணீருக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் என்று அவர் காரை மணலில் இறக்கிவிட்டார். முன்சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே போய் பாதி டயர் புதைந்துவிட்டது. கரையில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் சத்தம் போட்டார், "இன்னும் ஆக்சிலேட்டர மிதிக்காதீங்க!" நான்கு பேர் ஓடிவந்தார்கள். காற்றைப் பாதிக்கு இறக்கச் சொன்னார்கள். டயர் சப்பையாகி அகலமாகப் பதிந்தால் மணலில் அமிழாதாம். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் அள்ளிவிட்டு, காய்ந்த பனையோலையைத் திணித்து, படகுக் கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பு. காசு நீட்டினோம், யாரும் வாங்கவில்லை. அந்த அம்மா கை நிறைய நெத்திலிக் கருவாட்டைத் தினத்தந்தித் தாளில் சுற்றி என் மடியில் வைத்தார். சாயல்குடி வரை மெதுவாக ஓட்டிப் போய்க் காற்றடித்தோம். கருவாட்டு வாசம் மூன்று நாளும் காரில் இருந்தது.

வேம்பாரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். நாங்கள் மதியம் 3 மணிக்குப் போய் இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் நினைவில்லை. அவர் போனை எடுக்கவே இல்லை, அது நினைவிருக்கிறது.

இரண்டாம் ராத்திரி தூத்துக்குடியில் தங்குங்கள். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுச் செய்கிற மக்ரூன் வாங்காமல் கிளம்பாதீர்கள். காலையில் உப்பளங்களைத் தாண்டி திருச்செந்தூர் ரோட்டில் 40 கிலோமீட்டர். கோயிலுக்குப் போவது உங்கள் இஷ்டம், ஆனால் பக்கத்தில் இருக்கும் தேரிக்காட்டை விடாதீர்கள். குதிரைமொழித் தேரி என்பார்கள். மணல் முழுக்கச் செக்கச்சிவப்பு. மணல் மணிகளின் மேல் இரும்புத் துரு படிந்ததால் வந்த நிறம். காலை 8 மணிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள், மேல்மணல் சில்லென்று இருக்கும். மதியம் கால் வைக்க முடியாது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்தச் செம்மணலுக்கு நடுவே சுனை இருக்கிறது. என் அப்பா சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போன இடம், அதனால் எனக்கு ஒரு படி கூடுதல் பாசம்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம், ஆனால் பதநீருக்கு நீங்கள் வருகிற நேரம் கொஞ்சம் சீக்கிரம். அப்புறம் மணப்பாடு. அதை அந்த ஊர்க்காரர் யாராவது சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

பாத்ரூமுக்குப் பெட்ரோல் பங்க்குகளை நம்புங்கள், சாவி கேட்டால் தருவார்கள். தைப்பூசத்தை ஒட்டிய வாரம் மட்டும் வேண்டாம். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரி முழுக்க ரோட்டில் நடப்பார்கள்.

மணப்பாட்டான்:

உடன்குடி அக்கா கூப்பிட்டதால் வந்தேன். நித்யா அக்கா, மூன்றாம் ராத்திரி பக்கத்தில் எங்காவது தங்கி, மணப்பாட்டுக்கு மறுநாள் விடியும்போதே வந்துவிடுங்கள். மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. அதன் வாசலில் நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறு பக்கம் ஆடாமல் கிடக்கும் கழிமுகம், நடுவில் எங்கள் ஊர். கீழே சவேரியார் 1542இல் வந்தபோது தங்கியதாகச் சொல்லும் குகை இருக்கிறது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பாருங்கள்.

குன்றுக்குக் கீழே பாறைப் பக்கம் குளிக்க இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். கரையில் ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தால் கேட்டுவிட்டு போட்டோ எடுங்கள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், டீயே வாங்கித் தருவார்கள்.

இங்கிருந்து உவரி, கூடங்குளம் வழியாகப் போனால் மதியச் சாப்பாட்டுக்குக் குமரி. அங்கே கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அண்ணனை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். மதில் மேல் உட்கார்ந்தால் கடல் காலடியில்.

கோவை நித்யா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மணலில் மாட்டிய கதையை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். தைப்பூசம் கழித்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி: வேம்பாரில் உட்கார்ந்து இருட்டிவிட்டால் தூத்துக்குடி வரை ராத்திரியில் ஓட்டலாமா?

உடன்குடிக்காரி:

ஓட்டலாம், ரோடு நன்றாக இருக்கும். ஆடு மாடு குறுக்கே வரும், 50க்கு மேல் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். ரூமுக்கு முன்னாலேயே போன் செய்து வைத்துவிட்டால் வேம்பாரிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டிய அவசரமும் இருக்காது.