காமா கதிர் உளுந்து: 62 காய் செடியோட பிள்ளைங்க ஏன் சாதாரணமா வருது?

காரைக்குடி மாணவி:
அண்ணே, காமா கதிர் அடிச்ச உளுந்து விதையில முளைச்சது எம்1, அதோட அடுத்த தலைமுறை எம்2, அதுக்கடுத்தது எம்3. இதுல எம்2ல ஒரு செடி மட்டும் 62 காய் வச்சு கொத்துக் கொத்தா தொங்குச்சு, ஆசையா விதைய தனியா எடுத்து எம்3ல விதைச்சா 20, 25 காய்தான் வருது, கதிரால வந்த ஜீன் மாற்றம், அதான் மியூட்டேஷன், எங்க போச்சு?

கல்லல் அண்ணன்:
தங்கச்சி, அந்தச் செடி நின்னது வரப்பு ஓரமா? ஓரத்துல வெளிச்சம், ஈரம், இடம் எல்லாம் கூட கிடைக்கும், அதனால பருத்திருக்கும், அது விதை வழியா இறங்காது. விளைச்சல்ங்கறது ஒத்த ஜீன் வேலையில்ல, பல ஜீன் சேர்ந்தது, ஒவ்வொண்ணும் கொஞ்சங் கொஞ்சம்தான் கூட்டும். இலை வடிவம், விதை நிறம் மாதிரி ஒத்த ரிசசிவ் ஜீன்னா (ரெண்டு பிரதியும் மாறினாத்தான் வெளிய தெரியறது) எம்1ல மறைஞ்சு, அந்தச் செடியோட எம்2 பிள்ளைங்கள்ல அதிகபட்சம் சுமாரா நாலுல ஒண்ணா பளிச்சுனு தெரியும், காய் எண்ணிக்கை அப்படி பிரியாது. ஒத்தச் செடிய நம்பாம, எம்3ல செடிக்கொரு வரிசைன்னு போட்டு, பக்கத்துலயே கதிர் அடிக்காத தாய் ரகத்தையும் விதைச்சு, வரிசை சராசரிய ஒப்பிடும்மா.

புதுக்கோட்டை ஆய்வாளர்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே ஹெரிட்டபிலிட்டி (செடிக்குச் செடி தெரியற வித்தியாசத்துல ஜீனால வர்ற பங்கு) மட்டும் பாக்காதீங்க, ஜெனடிக் அட்வான்ஸும் (தேர்ந்தெடுத்தா அடுத்த தலைமுறை சராசரி எவ்வளவு ஏறும்ங்கறது) அதிகமா இருந்தாத்தான் தேர்வு பலிக்கும். மனசு விடாதீங்க, கோ 1ங்கற உளுந்து ரகத்துல இருந்து மியூட்டேஷன்ல வந்ததுதான் கோ 4 உளுந்து, 1978ல வெளியாச்சு. வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் உங்களுக்குப் பக்கம்தான், ஒருநாள் போய் வயலைப் பாருங்க.

திருப்பத்தூர் விவசாயி:
காய எண்ணும்போது மஞ்சத் தேமல் நோயையும் பாரு ஆத்தா. வெள்ளை ஈ வந்து இலை மஞ்சளாச்சுன்னா 62 காய்க்குள்ளயும் சூம்புன பருப்புதான். காயெல்லாம் ஒண்ணா முத்துதான்னும் குறிச்சுக்க, ரெண்டு தடவ பறிக்க இங்க ஆளு கிடைக்கல.