24 பேரை 16 ஆக்கணுமாம்: லோக்கல் செய்திச் சேனலில் எந்த நாற்காலியை எடுப்பது?

பாளை_டெஸ்க் எழுதியது:

விவரம் தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் இருந்து ஓடும் கேபிள் செய்திச் சேனல். நெல்லை, தென்காசி இரண்டு மாவட்டமும் பார்க்கிறது. காலை 7.30, மதியம் 1.00, மாலை 6.30, இரவு 9.00 என நாளுக்கு நான்கு புல்லட்டின், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

இப்போது உள்ள ஆட்கள்: செய்தி ஆசிரியர் 1, டெஸ்க்கில் உதவி ஆசிரியர் 3, நிருபர் 4, கேமராமேன் 4, வீடியோ எடிட்டர் 3, வாசிப்பாளர் 3, எம்சிஆர் (ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை) 4, சிஜி (திரையில் எழுத்து, கிராபிக்ஸ் போடுபவர்) 1, டிரைவர் 1. மொத்தம் 24. இது போக தாலுகா நிருபர்கள் 9 பேர், செய்திக்கு இவ்வளவு என்று காசு.

கேபிள் இணைப்பு குறைகிறது, ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரமெல்லாம் இன்ஸ்டாவுக்குப் போய்விட்டது என்று நிர்வாகம் 16 பேரில் நிறுத்தச் சொல்கிறது. அவர்கள் கையில் இருக்கும் திட்டம் இது: கேமராமேன் நாலு பேரையும் எடுத்துவிட்டு நிருபரே செல்போனில் எடுப்பது, டெஸ்க்கில் ஒருத்தர் மட்டும், வாசிப்பை மதுரை ஸ்டூடியோவுக்கு மாற்றுவது. புல்லட்டின் மட்டும் நான்கும் அப்படியே வேண்டுமாம்.

இது ஓடுமா? ஓடாது என்றால் எதைக் காட்டி நிர்வாகத்திடம் பேசுவது?

---

ஷிஃப்ட்_கணக்கு எழுதியது:

ஆள் கணக்கை விட்டுவிட்டு ஷிஃப்ட் கணக்கில் பேசுங்கள் அண்ணாச்சி. நிர்வாகத்துக்கு அதுதான் புரியும்.

ஒரு நாற்காலியில் தினம் ஒரு ஷிஃப்ட் ஆள் இருக்க வருஷத்துக்கு 365 ஷிஃப்ட் வேண்டும். ஒரு ஆள் தருவது 365-இல் வார விடுப்பு 52-ஐயும் பண்டிகை, கேஷுவல், உடம்பு சரியில்லை என்று ஒரு 25-ஐயும் கழித்தால் 288. அதாவது ஒரு நாற்காலிக்கு 1.27 ஆள். டெஸ்க்கில் ஒருத்தர் மட்டும் என்றால் வருஷத்தில் 77 நாள் டெஸ்க் காலி. மீதி நாளிலும் காலை 7.30 புல்லட்டினுக்கு 5.30 மணிக்கு உட்கார்ந்தவர் இரவு 9.30 வரை இருக்க முடியாது. நான்கு புல்லட்டினுக்கு டெஸ்க்கில் இரண்டு ஷிஃப்ட், 730-ஐ 288-ஆல் வகுத்தால் இரண்டரை. இப்போது உள்ள 3 பேர் கொழுப்பு கிடையாது, எலும்பு.

ஆகவே முதலில் வெட்ட வேண்டியது புல்லட்டினை. ஒரு வாரத்து ரன்டவுனை (புல்லட்டினில் எந்தச் செய்திக்கு அடுத்து எது என்ற பட்டியலை) எல்லாம் பிரிண்ட் எடுத்து, அன்றைக்குப் புதிதாக வந்த செய்தியைப் பச்சையிலும் திரும்ப ஓடியதைச் சிவப்பிலும் குறியுங்கள். மதியமும் இரவும் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, மதியம் 5 நிமிடத் தலைப்புச் செய்தி, இரவு 9-க்கு மாலைப் பதிவே மறு ஒளிபரப்பு.

காலை 7.30-ஐ 9.00-க்குத் தள்ளுங்கள். வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30-க்குத்தான் முடிகிறது. 7.30-க்குப் படிப்பது முந்தின நாள் மழை. பாபநாசம் அணையில் 143 அடியில் எவ்வளவு, சேர்வலாறு 156-இல் எவ்வளவு, மணிமுத்தாறு 118-இல் எவ்வளவு என்று கேட்கத்தான் கார், பிசானம் என்று இரண்டு பருவத்து நெல் சாகுபடிக்காரரும் காலையில் டிவி போடுகிறார்கள். அவர்களுக்கு அன்றைய அளவைக் கொடுங்கள். மாலையை 7.00-க்கு வையுங்கள். ஞாயிறு ஒரே புல்லட்டின்.

இப்படி மாற்றினால் டெஸ்க்குக்கு வாரம் 13 ஷிஃப்ட், வருஷம் 676. இரண்டு பேர் 576 தருவார்கள். மீதி 100-ஐ, அதாவது வாரம் இரண்டு ஷிஃப்ட், செய்தி ஆசிரியர் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும். டெஸ்க்கில் 3 பேர் 2 பேராவது இப்படித்தான்.

16 வருவதற்கு என் கணக்கு: ஆசிரியர் 1, டெஸ்க் 2, நிருபர் 4, கேமரா 2, எடிட் 2, வாசிப்பு 2, எம்சிஆர் சிஜி சேர்த்து 3. டிரைவர் இல்லை, தேவைப்படும் நாளில் வாடகை வண்டி.

வாசிப்பிலும் எடிட்டிலும் இதே மாதிரி தலா 100 ஷிஃப்ட் ஓட்டை விழும். அது நிருபர்கள் தலையில்தான் வரும். நாலு நிருபரின் 1152 ஷிஃப்டில் 200 போனால், ஃபீல்டில் நாளுக்கு இரண்டரை ஆள்தான். அதற்கேற்ப மாலை ரன்டவுனை மாற்றுங்கள். அரை மணியில் விளம்பரம் 8 நிமிடம் போக 22 நிமிடம். ஒன்றரை நிமிட பேக்கேஜ் (நிருபர் குரலும் பேட்டியும் சேர்த்து வெட்டிய முழுச் செய்தி) 5, தாலுகாவில் இருந்து வரும் 40 நொடி வாய்ஸ் ஓவர் (படத்தின் மேல் வாசிப்பாளர் குரல்) 14, தலைப்புச் செய்தி, அணை, மழை, பூ விலைக்கு 3 நிமிடம், மீதி இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஃபோனோ (போனில் பேசுவது). இதில் எட்டு பேக்கேஜ் கேட்டால் ஆறாவதில் இருந்து பத்திரிகைக் குறிப்பை அப்படியே படிப்பீர்கள்.

---

ஒத்தக்கேமரா எழுதியது:

ஷிஃப்ட்_கணக்கு அண்ணாச்சி சொன்னதில் கேமரா விஷயம் மட்டும் சுருக்கமாகப் போய்விட்டது.

நிருபரே எடுப்பது எங்கே ஓடும்? கொக்கிரகுளத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாள், மாநகராட்சிக் கூட்டம், பிரஸ் மீட், பள்ளி விழா. வெளிச்சம் இருக்கும், ஆள் ஒரே இடத்தில் நிற்பார், மைக்கைக் குத்திவிட்டு எடுத்துவிடலாம். எங்கே ஓடாது? ஆனித் தேரோட்டம், ஆற்றில் வெள்ளம், சாலை மறியல், ஊர்த் தகராறு. ஃபிரேமில் கண்ணை வைத்தவனுக்குப் பக்கவாட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. தகராறு இடத்துக்கு ஒற்றை ஆளை அனுப்பக்கூடாது என்று எழுத்தில் விதியாகவே வையுங்கள். ராதாபுரம், திசையன்விளை பக்கம் போய்வர அரை நாள் போகும். ஜோடியாகப் போனால் வண்டியிலேயே ஒருவர் ஸ்கிரிப்ட் அடிப்பார். தனியாக பைக்கில் போனவர் திரும்பி வந்துதான் அடிக்க வேண்டும். இரண்டு செய்தி ஒன்றாகிவிடும்.

போனில் எடுப்பதில் தவறும் இடங்கள்: போன் இயல்பாக நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும், நம் ஒளிபரப்பு 25. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஆபீஸ் விளக்கடியில் 30-இல் எடுத்தால் பட்டை பட்டையாக மினுக்கும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அதில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். போனின் சொந்த ஆப்பில் எடுத்தால் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், நீளமான பேட்டியில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். வந்த கிளிப்பை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றிவிட்டு டைம்லைனில் வையுங்கள்.

அனுப்புவது: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். 10 எம்பிபிஎஸ்-இல் எடுத்தால் நிமிடத்துக்கு 75 எம்பி. மூன்று நிமிட ரஷ் (வெட்டாத காட்சி) 225 எம்பி, அப்லோடு 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் ஏழரை நிமிடம். மாஞ்சோலை, காரையாறு என்று மலையேறினால் சிக்னலை நம்பாதீர்கள், கீழே இறங்கித்தான் அனுப்ப வேண்டும். பத்து நிமிடம் எடுத்து எல்லாவற்றையும் அனுப்பாமல் ஆறு ஷாட், ஒரு பைட் (பேட்டித் துணுக்கு) என்று பழக்குங்கள். கிட் வாங்கும்போது காலர் மைக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் சேனலை மாற்றுவார்கள்.

---

ராத்திரி_எம்சிஆர் எழுதியது:

எம்சிஆர், சிஜி ஐந்து பேர் மூன்று பேராகலாம். ராத்திரி 11 முதல் காலை 6 வரை ஆள் இல்லாமல் பிளேலிஸ்ட் ஓட வேண்டும். அப்போது வாரம் 14 ஷிஃப்ட், வருஷம் 728, இரண்டரை ஆள். மூன்றாமவரின் மீதி நேரம் சிஜிக்கு.

ஆள் இல்லாத இரவில் மூன்றுதான் நடக்கும்: படம் உறையும், ஒலி மட்டும் போகும், பிளேலிஸ்ட் முடிந்து கறுப்புத் திரை வரும். மூன்றாவதற்கு மருந்து, பட்டியலின் கடைசியில் முடிவே இல்லாத ஒரு ஃபில்லர் லூப். முதல் இரண்டுக்கும் 20 நொடி அசைவோ ஒலியோ இல்லாவிட்டால் போனுக்கு அலர்ட் போகும் மானிட்டரிங். அலர்ட்டை எடுக்கும் சிக்னலை ஹெட்எண்டில் (கேபிள் சிக்னல் கிளம்பும் இடத்தில்) இருந்து திரும்பி வரும் செட்டாப் பாக்ஸில் இருந்து எடுங்கள். பிளேஅவுட் கம்ப்யூட்டரிலேயே பார்த்தால் அங்கே எல்லாம் நன்றாக ஓடும், வீட்டு டிவியில் ஒன்றும் வராது. அலர்ட் வந்தால் 20 நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர் பெயர் ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) இருக்க வேண்டும், அதற்குப் படி தர வேண்டும்.

சிஜியை டெஸ்க்கிடம் கொடுக்கும்முன் ஃபாண்ட் தகராறைத் தீருங்கள். நிருபர் போனில் யூனிகோடில் அடிப்பார். பழைய சிஜி டெம்ப்ளேட் வேறு குறியேற்றத்தில் இருக்கும். நடுவில் கன்வெர்ட்டர் போட்டால் கொம்பு கழன்று ஓடும். டெம்ப்ளேட்டையே யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இந்த வரியை ஓட்டிப் பாருங்கள்: ஸ்ரீவைகுண்டம், கோபாலசமுத்திரம், திருக்குறுங்குடி, சேரன்மகாதேவி. நாலும் ஒழுங்காக வந்தால் மற்றதும் வரும். ஸ்க்ரோலை (திரைக்கு அடியில் ஓடும் வரியை) அடித்தவரே ஏர் பண்ணக்கூடாது, இன்னொரு கண் பட வேண்டும். டெஸ்க்கில் ஒருத்தர்தான் என்றால் அந்த இன்னொரு கண் கிடையாது.

மதுரை வாசிப்பு பற்றி ஒன்று. அமெரிக்காவில் 210 டிவி சந்தையாகப் பிரித்து, சின்ன ஊர் செய்தியைப் பெரிய ஊர் ஸ்டூடியோவில் இருந்து வாசிப்பது பல காலமாக நடக்கிறது. அங்கேயும் முதலில் அடிபடுவது ஊர்ப் பெயர்தான். நம்மிடம் வி.கே.புரம், கல்லிடை, ஹைகிரவுண்ட் என்று டெஸ்க் எழுதினால் மதுரையில் இருப்பவருக்கு எது ஊர், எது ஆஸ்பத்திரி என்று தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், 7 மணி புல்லட்டினை 5.30-க்குப் பதிவு செய்வார்கள். 6 மணிக்கு மணிமுத்தாற்றில் தண்ணீர் திறந்தால் நாம் மறுநாள் காலைதான் சொல்வோம். கண்டிப்பாக அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தேசியச் செய்தியையும் சினிமாவையும் அனுப்புங்கள்.

---

பாளை_டெஸ்க் எழுதியது:

77 நாள் கணக்கை நாளைக்கே கொண்டு போகிறேன். இரண்டு சந்தேகம். தாலுகா நிருபர்களை 9-இல் இருந்து 5 ஆக்கலாம் என்றும் ஒரு பேச்சு. இன்னொன்று, 20 பேருக்குக் கீழே போனால் பிஎஃப் கட்ட வேண்டாம் என்று கணக்குப்பிள்ளை சொல்கிறார், சரியா?

---

தாலுகா_ரவுண்டு எழுதியது:

நெல்லையில் 8 தாலுகா, தென்காசியில் 8. நெல்லை, பாளை, மானூரை ஆபீஸ் ஆட்கள் பார்த்தாலும் 13 தாலுகா மிச்சம். 9 பேரே இழுபறி. மாலையில் 14 வாய்ஸ் ஓவர் வேண்டும் என்று மேலே கணக்குப் போட்டாச்சு, அது இவர்களிடம் இருந்துதான் வரும். 5 ஆக்கினால் சிவகிரி, திருவேங்கடம் பக்கம் செய்தியே இல்லாமல் போகும். அந்த ஊர் கேபிள்காரர் அடுத்த மாதமே சேனலை எடுத்துவிடச் சொல்வார்.

ஆளைக் குறைக்காமல் காசு தரும் முறையை மாற்றுங்கள். ஓடிய செய்திக்கு மட்டும் காசு என்றால் காதுகுத்தும் கட்சிக் கொடியேற்றமும்தான் வரும், ஏனென்றால் அவை நிச்சயம் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு நிலையான தொகை, அதன்மேல் செய்திக்கு இவ்வளவு, பெட்ரோல் தனி. விளம்பரம் பிடிக்கும் வேலையை அதே ஆளிடம் கொடுக்காதீர்கள். தீபாவளி வாழ்த்து விளம்பரம் வாங்கிய ஊராட்சியில் குடிதண்ணீர் வரவில்லை என்று அவர் எப்படி எழுதுவார்?

மழைக்காலத்துக்குத் தனி ரோஸ்டர் இப்போதே போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மாதிரி வந்தால் அம்பை ரோடு அடைபடும், டவர் பேட்டரி இறங்கும், ஆபீஸில் இருந்து யாரும் போக முடியாது. அந்தந்த ஊரில் இருப்பவர்தான் செய்தி. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவில் பாதி 2023-உடையதாக இருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிய படம் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வரும். எடுத்தவர் பெயர், இடம், நேரம் மூன்றும் போனில் கேட்டு உறுதியாகாமல் ஏற்றக்கூடாது.

---

சட்டக்குறிப்பு எழுதியது:

பிஎஃப்: தவறு. 20 பேரால் ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் உள்ளேதான். இஎஸ்ஐ வரம்பு 10 பேர்தான், 16 பேர் உள்ள நிறுவனம் எப்படியும் அதற்குள் வரும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் இப்போது மின்னணு ஊடகமும் வருகிறது. அவர்களுக்குக் கிராஜுவிட்டி 5 வருஷத்துக்குப் பதில் 3 வருஷத்திலேயே. ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளம், முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில். எட்டுப் பேருக்கும் இந்தத் தொகையைக் கூட்டி நிர்வாகத்திடம் கொடுங்கள், சேமிப்பு எந்த மாதத்தில்தான் தொடங்கும் என்று தெரியும்.

டெஸ்க்கைக் குறைப்பதில் உள்ள ஆபத்து வேறு. போக்சோ 23-ஆம் பிரிவுப்படி குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, குடும்பம் எதுவும் வெளியே தெரியக்கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; நிருபரோடு சேனல் உரிமையாளரும் பொறுப்பு. முகத்தை மங்கலாக்கிவிட்டு தெருப் பெயர்ப் பலகையை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. சாதித் தகராறு செய்தியிலும் அப்படியே, ஒரு வரி ஸ்க்ரோல் போதும், பிரச்சினை அடுத்த ஊருக்குப் போய்விடும். அதைப் பார்க்க ஸ்கிரிப்ட் எழுதாத ஒருவர் வேண்டும்.

2022 நவம்பரில் மத்திய அரசு போட்ட விதிமுறையையும் பாருங்கள்: கேபிள் நிறுவனம் நடத்தும் உள்ளூர்ச் சேனலில் செய்தி போட அது கம்பெனியாகப் பதிவாகி இருக்க வேண்டும், 90 நாள் ஒளிபரப்பைப் பதிவாக வைத்திருக்க வேண்டும்.

---

ராத்திரி_எம்சிஆர் எழுதியது:

அந்த 90 நாளுக்கு: 4 எம்பிபிஎஸ்-இல் பதிந்தால் நாளுக்கு 43 ஜிபி, மொத்தம் 3.9 டிபி. 6 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்றில் இருப்பது மற்றதிலும். 91-ஆம் நாள் தானாக அழியும்படி வைக்கலாம், ஆனால் யாராவது புகார் கொடுத்த தேதியை மட்டும் அழிக்காமல் எடுத்து வைக்க ஒரு ஃபோல்டர் வேண்டும். எம்சிஆரில் இருக்கும் மூன்று பேரில் யார் அதைப் பார்ப்பது என்று ரோஸ்டரில் பெயர் போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் நிறைந்து ரெக்கார்டிங் நின்றது, போலீஸ் கேட்டு வரும் அன்றைக்குத்தான் தெரியும்.